கதவு பூட்டியிருந்தது

அரசாங்கத்தின் எந்தக் கள ஆய்விலும் விடுபட்டுப் போகிறவள் பகல் பதினோரு மணிக்கு வீட்டில் இல்லாதவள். தனியாக இருப்பவள், வீட்டு வேலைக்குப் போகிறவள், தான் இல்லாதபோது வந்து நிற்கிறவரிடம் இதோ வந்துவிடுவாள் உட்காருங்கள் என்று சொல்ல ஒரு மாமியாரோ மகனோ நாத்தனாரோ வாய்க்காதவள். விதவைகளுக்குப் பட்டியல் வைத்திருக்கிறோம், முதியவர்களுக்கு வைத்திருக்கிறோம், பகலில் ஆளில்லாத வீட்டுக்காரிகளுக்கு வைத்திருக்கவில்லை. அப்படிப்பட்டவர்களில் ஒருத்தி, பெயர் சீனியம்மாள், இந்த நிமிடம் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வராந்தாவின் சிமெண்டு பெஞ்சில் மஞ்சள் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பக்கம் நான், தமயந்தி, எம்.ஏ. பொருளியல், வட்ட வழங்கல் அலுவலகத்தில் உதவியாளர், பதினாறு ஆண்டுப் பணி. எனக்கு எதிரில் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் தணிக்கை அலுவலர் குணசீலன், அவர் கையில் நாற்பத்தொரு ரேஷன் அட்டைகளின் பட்டியல். பென்சில் முனையால் ஒவ்வொரு வரியாக இறங்கி வருகிறார். இப்போது நான்காவது வரியில் இருக்கிறார். சீனியம்மாள் இருபத்தொன்பதாவது. மணி இரண்டு நாற்பது.

பட்டியல் ஒரு கணினியில் பிறந்தது. இரண்டு ஆண்டுக்குள் மூன்று முறைக்கு மேல் நகல் அட்டை வாங்கியவர்களின் பெயரை அது சிவப்பாக்கிக் காட்டுகிறது. சிவப்பு என்றால் சந்தேகம்: நான்கு அட்டை வாங்கியவள் பழையதையெல்லாம் யாரிடம் கொடுத்தாள், அதை வைத்து அரிசி கடத்துகிறவன் எவன். கேள்வி நியாயமானதுதான், அரிசி கடத்துகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் அவர்கள் சிவப்பாகிற அளவுக்கு முட்டாள்கள் இல்லை. ஆகவே நாற்பத்தொரு வீட்டுக்கும் நேரில் போக வேண்டும், ஆள் இருந்தால் வாசலில் நிறுத்திப் புகைப்படம் எடுக்க வேண்டும், படிவத்தில் உள்ள இரண்டு கட்டங்களில் ஒன்றில் குறியிட வேண்டும். வசிக்கிறார். வசிக்கவில்லை. மூன்று முறை போயும் ஆள் இல்லையென்றால் வசிக்கவில்லை, வசிக்கவில்லையென்றால் அட்டை ரத்து. போக வேண்டியவள் நான். முப்பது வீடுகளுக்கு உண்மையாகவே போனேன், வெயிலில் போனேன், செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்திக்கொண்டு போனேன். இதைச் சொல்லிக்கொள்ளும்போது எனக்குள் அற்பமான ஒரு நிறைவு எழுகிறது, அதை நான் மதிக்கவில்லை, ஆனாலும் எழுகிறது. மீதிப் பதினொரு வீடுகளுக்கு மேசையிலிருந்தே போனேன். ஒரே பிற்பகலில், இதே நாற்காலியில், ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று தேதிகள், மூன்று தேதிக்கும் மூன்று பேனா: நீலம், கொஞ்சம் கசிகிற நீலம், கறுப்பு. கதவு பூட்டியிருந்தது. கதவு பூட்டியிருந்தது. கதவு பூட்டியிருந்தது. முப்பத்து மூன்று முறை எழுதினேன், பள்ளிக்கூடத்தில் தண்டனையாக எழுதச் சொல்வார்களே அப்படி, என்ன ஒன்று, இங்கே தண்டனை எழுதியவளுக்கு இல்லை. "ஒன்பது," என்கிறார் குணசீலன். "கதவு பூட்டியிருந்தது. மூணு தடவையுமா?" ஆமாம் சார். ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கிறார், மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார், சிரிக்கிறார். "உங்க தாலுகாவுல எல்லாரும் நல்ல பூட்டா வாங்கி வச்சிருப்பாங்கபோல மேடம்." நானும் சிரிக்கிறேன். என் சிரிப்பு என் காதுக்கே மூடாத அலமாரிக் கதவு மாதிரிக் கேட்கிறது. அவருக்குத் தெரியுமோ? தெரிந்துதான் சொல்கிறாரோ? இல்லை, அவருக்கு நான்கரைக்குப் பேருந்து, வேறொன்றுமில்லை. அல்லது தெரிந்தவர்கள்தான் இப்படி வெந்நீர் குடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்தத் தெருவுக்கு நான் போகவேயில்லை என்றும் சொல்ல முடியாது, அதுதான் உறுத்துகிறது. ஒரு முறை போனேன், தெருமுனை வரை. மூடிப்போன பஞ்சாலையின் சுற்றுச்சுவரை ஒட்டிய தெரு. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள், பள்ளத்தின் குறுக்கே ஒரு பலகை, பலகையில் ஈரக் களிமண். குழாயடியில் ஒருத்தி குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். சீனியம்மாள் வீடு எது என்று கேட்டேன். "சீனியக்காவா? அந்தா, மூணாவது, நீலக் கதவு. அக்கா விடியக்காலமே போயிரும், நாலு வீடு பாக்குது. பொழுது சாய வாங்க, இருக்கும்." பிறகு குடத்தை நிமிர்த்திக்கொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "எதுக்கு, அரசாங்கம் எதுவும் குடுக்குதா, இருக்கிறதப் புடுங்குதா?" பலகையில் ஒரு காலை வைத்தேன், அது ஆடியது, காலை எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் வரலாம் என்று நினைத்துக்கொண்டேன், அந்த நினைப்பில் வஞ்சகம் ஒன்றும் இல்லை, சாயங்காலம் வருவதற்குத்தான் விதியில் இடமில்லை, அலுவலக நேரத்துக்குப் பின் போனால் பயணப்படி கிடையாது, புகைப்படத்தில் வெளிச்சமும் கிடையாது. ஆக, அவள் அங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எந்த வீடு என்று தெரியும், கதவின் நிறம் தெரியும், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்பதுகூடத் தெரியும். தெரிந்துகொண்டு வந்துதான் வசிக்கவில்லை என்று எழுதினேன். வேலைக்குப் போயிருக்கிறார் என்று ஒரு கட்டம் படிவத்தில் இல்லை. மூன்றாவதாக ஒரு கட்டத்தை நானே அடிக்கோல் வைத்துப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? விளக்கம் கேட்டிருப்பார்கள். விளக்கம் எழுத எனக்கு வராதா? அலுவலகத்தில் எல்லோருடைய விளக்கத்தையும் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். பதினான்கு. ஆமாம் சார். பதினைந்து, இது வசிக்கிறார், புகைப்படம் இருக்கிறது, ஒரு கிழவர் மூக்குப்பொடி டப்பாவோடு நிற்கிறார், அவர் படத்தைப் பார்த்ததும் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

காலையில் பத்தே கால் மணிக்குச் சீனியம்மாள் வந்தபோது கவுண்டரில் நான்தான் இருந்தேன். இல்லாமல் போயிருந்தால்? வெளியே தேநீருக்குப் போயிருந்தால் அவள் இன்னும் எனக்கு வெறும் இருபத்தொன்பதாக இருந்திருப்பாள். ஐம்பது வயதிருக்கும், உள்ளங்கை வெளுத்துச் சுருங்கிய கைகள், விரல் நுனியில் ரேகையே இல்லை, கடை இயந்திரம் அவள் விரலை ஏற்காமல் கருவிழியைத்தான் பார்க்கிறதாம். "கடையில என் அட்டைய நிறுத்தி வச்சிருக்காம்ல தாயி, போன மாசமும் சாமான் போடல, என்னன்னு பாருங்க." ரெண்டு வருஷத்தில் நாலு நகல் அட்டை வாங்கியிருக்கிறீர்களே, தொலைத்தீர்களா என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "தொலைக்கிற ஆளா நானு? நாலும் எங்கிட்டதான் இருக்கு, இந்தா." பைக்குள்ளிருந்து எடுத்துப் பரப்பினாள். நான்கு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுகள். பெயர் இல்லை, எண் இல்லை, ஒன்றில் மட்டும் அரசு முத்திரையின் கோபுரம் பாதி, மற்றதெல்லாம் வழவழவென்று, கண்கூசுகிற சுத்தம். "இது என்னம்மா?" "தேய்ச்சது." "எதை?" "அட்டையத்தான். மொத தடவ கடைக்காரர் சொன்னாரு, அட்டை அழுக்கா இருக்கு, மிஷின் படிக்க மாட்டேங்குது, சுத்தம் பண்ணிட்டு வான்னு. எனக்கு அதுதான தொழிலு. கொஞ்சம் புளி, கொஞ்சம் சாம்பல், தேங்கா நாரு. மாசாமாசம் சாமான் வாங்கப் போற அன்னைக்குக் காலையில ஒரு தேய் தேய்ச்சு வெயில்ல வச்சு எடுத்துட்டுப் போவேன். கண்ணாடியாட்டம் இருக்கும்." கணினி படிக்கிற அந்தக் கறுப்புப் புள்ளிக் கட்டம் எங்கே என்று கேட்டேன், அதுதானே அம்மா அட்டைக்கே உயிர். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள், பாத்திரம் தேய்க்கத் தெரியாத பெண்ணைப் பார்க்கிற பார்வை. "அந்தக் கறைதான தாயி? அதத்தான மொதல்ல எடுத்தேன். லேசுல வரமாட்டேன்னுருச்சு. ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு மாசம் ஆச்சு." இருபத்தொன்று, இருபத்திரண்டு, ஆமாம் சார், ஆமாம் சார். ஐந்து மாதத்துக்கு ஓர் அட்டை. கணினி கண்டுபிடித்த கடத்தல் இதுதான்: ஒருத்தி தன் வேலையை ஒழுங்காகச் செய்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், உங்கள் வீட்டுக்கு மூன்று முறை விசாரணைக்கு வந்தார்கள், கதவு பூட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறது என்று வாயை விட்டேன். வந்தார்கள். யாரோ. பன்மையில் ஒளிந்துகொள்வது எங்கள் துறையின் பழக்கம். "பூட்டா? எங்கிட்ட ஏது தாயி பூட்டு? அந்தக் கதவுக்குக் கொண்டியே கிடையாது. ஒரு கம்பியச் சுத்தி வச்சுட்டுப் போவேன், நாயி ஏறாம. அதுவும் எதுக்கு, உள்ள வந்து அது என்னத்தத் திங்க." அட்டைகளைத் திரும்பப் பைக்குள் அடுக்கினாள். "பாவம், வெயில்ல அலைஞ்சவுக வீடு மாறிப் போயிட்டாகளோ என்னவோ. பெரிய ஆபீசர் இன்னைக்கு வாராராம்ல? அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டாச் சரியாப் போகும்ல?" உட்காருங்கள், கூப்பிடுகிறேன் என்றேன். அப்போதிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். நாலு வீட்டில் இரண்டு வீட்டு வேலை இன்றைக்குப் போயிருக்கும்.

எங்கிட்ட ஏது பூட்டு. இந்த ஒரு வார்த்தை அந்த மஞ்சள் பைக்கு மேலே, அவள் மூடிய வாய்க்குள்ளே, எனக்காகக் காத்திருக்கிறது. அவள் உள்ளே வந்து அதைச் சொன்னால் குணசீலன் பென்சிலைக் கீழே வைப்பார், படிவத்தைத் திருப்புவார், பூட்டே இல்லாத கதவு மூன்று தேதிகளில் மூன்று மையில் பூட்டியிருந்ததைப் பார்ப்பார். பிறகு மற்றப் பத்தையும் பார்ப்பார். பிறகு 17-பி. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை, ஊதிய உயர்வு நிறுத்தம், மூன்று ஆண்டுக்குப் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இல்லை. என் பெயர் விடுபடும். இந்த அறையில் காற்றே இல்லை, மின்விசிறி சுழல்கிறது, பசை மணக்கிறது, காற்று இல்லை. நானே சொல்லிவிடலாம். அவள் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட்டால் அது ஒப்புதல், பிடிபடுதல் ஆகாது. வாக்கியம்கூடத் தயார்: ஐயா, இருபத்தொன்பதாம் இனத்தில் கள ஆய்வு முழுமையாக மேற்கொள்ளப்படவில்லை. மேற்கொள்ளப்படவில்லை. யாரால்? இந்த வாக்கியத்தில் ஆளே இல்லை, வாசலில் கம்பி சுற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். திருத்துகிறேன்: நான் போகவில்லை சார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். எனக்கு எம்.ஏ. இருக்கிறது, வாய் இருக்கிறது, இந்த அலுவலகத்தில் என் நாக்குக்குப் பயந்து வட்ட வழங்கல் அலுவலரே என் மேசைப் பக்கம் வருவதில்லை, போன மாதம் ஒரு கடை விற்பனையாளரை எடை குறைத்ததற்காக வரிசையின் முன்னால் வைத்துக் கிழித்தேன், ஜனங்கள் கைதட்டாத குறை. அந்த நாக்கு இப்போது அண்ணத்தில் ஒட்டிக்கிடக்கிறது. என் வீட்டுக் கதவும் இந்த நேரம் பூட்டித்தான் இருக்கிறது. மாடிப் போர்ஷன், ஓர் அறை, நான் ஒருத்தி. யாராவது இப்போது வந்து பார்த்தால் தமயந்தி என்பவர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை. என் பெயர் இன்னும் தம்பியின் அட்டையில் மூன்றாவது உறுப்பினராக இருக்கிறது. நீக்கித் தா, தனி அட்டை போட்டுக்கொள்கிறேன் என்று ஏழு வருடமாகக் கேட்கிறேன். "இருந்துட்டுப் போகட்டுமேக்கா, பேருதானே," என்கிறான். பேருதானே. இருபத்தாறு, சார். ஆமாம். அவளைக் காப்பாற்றினால் நான் விழுவேன், அதுவாவது ஒரு கணக்கு. அவளோடு என்னையும் வசிக்கவில்லை என்கிற ஒரே கட்டத்தில் குறியிட்டது யார் என்று பார்த்தால் அங்கேயும் என் கையெழுத்துதான் இருக்கிறது.

இருபத்தெட்டு முடிந்தது. குணசீலன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்குகிறார், ஜன்னல் பக்கம் திரும்புகிறார். அவள் அங்கே உட்கார்ந்தபடியே சேலைத் தலைப்பால் பெஞ்சின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், யாரோ சிந்திய தேநீர்க் கறை, கை சும்மா இருக்காது போலிருக்கிறது. "அந்தம்மா நான் வந்ததுலேர்ந்து உக்காந்திருக்காங்களே, யாரு மேடம்?" அவர் குரலில் உண்மையான அக்கறை இருக்கிறது. நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருக்கலாம். இப்போது சொல்ல வேண்டும், இப்போதே, இவள்தான் சார் அடுத்த வரி, கூப்பிடட்டுமா, ஐந்தே சொற்கள், பலகையில் ஒரு கால் வைத்தாகிவிட்டது, ஆடுகிறது, பள்ளத்தில் தண்ணீர் கறுப்பாக நிற்கிறது, இன்னொரு காலை எடுத்து வைத்தால் அந்தப் பக்கம். "பேரு சேர்க்க வந்தவங்க சார்," என்கிறது என் வாய். "நாளைக்கு வரச் சொல்லணும்." அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சாதாரணமாக. "பாவம், சொல்லி அனுப்பிருங்க. வயசானவங்க." பென்சில் இறங்குகிறது. "இருபத்தொன்பது. சீனியம்மாள், உறுப்பினர் ஒண்ணு. நாலு நகல். கதவு பூட்டியிருந்தது." ஆமாம் சார். பென்சில் ஒரு குறி போடுகிறது, தாளில் அது எழுப்புகிற ஓசை, நாரால் ஒருமுறை தேய்ப்பது போல். நான் எழுந்து வெளியே போகிறேன். வராந்தாவில் வெயில் அவள் பாதம்வரை வந்திருக்கிறது. சார் இன்றைக்கு ரொம்ப வேலையாக இருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்கிறேன். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, என் முகத்தை நன்றாகப் பார்க்கிறாள். "நாளைக்குன்னா நாளைக்கா தாயி, இல்ல உங்க ஆபீசு நாளைக்கா?" பதிலுக்கு நிற்கவில்லை. பெஞ்சில் அவள் உட்கார்ந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது. உள்ளே முப்பதாவது வரி எனக்காகக் காத்திருக்கிறது.

சீனியம்மாளின் அட்டை அந்த மாதம் பதினெட்டாம் தேதி ரத்தாயிற்று. அவள் மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்தாள்; புதிதாக விண்ணப்பிக்கச் சொன்னார்கள், விண்ணப்பித்தாள். விசாரணைக்கு வரும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்றார்கள், எந்த நாள் என்று சொல்லவில்லை. ஒன்பது நாள் வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை, நான்கு வீடுகளில் இரண்டு வீட்டார் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். நான் அதற்குள் பதவி உயர்வில் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விட்டேன். என் இடத்துக்கு வந்தவர் ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்து, வசிக்கிறார் என்று எழுதினார். பதினொரு மாதம் கழித்து அட்டை வந்தது, அந்தப் பதினொரு மாதமும் அவள் வேலை பார்த்த வீடுகளில் மிஞ்சியதைச் சாப்பிட்டாள். அட்டையை இப்போது தேய்ப்பதில்லை. வேலைக்குப் போகும்போது கதவையும் சாத்துவதில்லை. கம்பியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டாள். பகல் முழுக்க வீடு திறந்தே கிடக்கிறது, நாய் வந்து போகிறது.